மேலேறும் வலி

சயாட்டிகா வந்தவர்கள் தங்கள் வலியை விரலால் வரைந்து காட்டுவார்கள். நடுவிரல் பிட்டத்தில் தொடங்கும். தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் திரும்பி, புறங்கால் வழியாகப் பெருவிரலில் போய் நிற்கும். வேறு சிலருக்கு அந்தக் கோடு கெண்டைக்காலின் நடுவே நேராக இறங்கிக் குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் போகும். உடற்கூற்றுப் படம் எதையும் வாழ்நாளில் பார்த்திராதவர்கள்தான். ஆனாலும் முதல் கோட்டை வரைபவர் ஐந்தாம் இடுப்பு நரம்பின் பாதையையும், இரண்டாவதை வரைபவர் அதற்கு அடுத்துத் திருவெலும்பிலிருந்து வரும் நரம்பின் பாதையையும் ஏறத்தாழக் காட்டிவிடுகிறார்கள். நல்ல மருத்துவர் அந்த விரலைத்தான் முதலில் பார்க்கிறார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

உடம்பிலேயே தடித்த நரம்பு சயாட்டிக் நரம்பு. புறப்படும் இடத்தில் ஒரு கட்டைவிரல் அகலம், சுமார் 2 செ.மீ. இருக்கும். இடுப்பின் கடைசி இரண்டு நரம்பு வேர்களும் திருவெலும்பின் முதல் மூன்று வேர்களும் சேர்ந்து உண்டாவது. கோளாறு பெரும்பாலும் அந்த வேர்களில், முதுகெலும்பை ஒட்டி இருக்கும். வலிப்பது காலில். அதனால்தான் நம் வீடுகளில் காலுக்குத் தைலம் தேய்க்கிறார்கள். கெண்டைக்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். பேரனைக் கூப்பிட்டுக் கால்மேல் ஏறி மிதிக்கச் சொல்கிறார்கள். மிதித்தால் சுகமாகத்தான் இருக்கும், பத்து நிமிஷத்துக்கு.

பழைய வைத்தியர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறினார்கள். நேப்பிள்ஸ் நகரத்து டொமெனிக்கோ கொட்டுன்யோ 1764இல் எழுதிய நூலில், இடுப்பு மூட்டு வலி வேறு, இந்த நரம்பு வலி வேறு என்று பிரித்துக் காட்டினார். நரம்பின் உறைக்குள் நீர் கட்டிக்கொள்வதுதான் காரணம் என்பது அவர் எண்ணம். எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தும் என்பது நிலைபெற இன்னும் 170 ஆண்டுகள் பிடித்தன. 1934இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர்கள் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் வெளியிட்ட கட்டுரை அதைச் செய்தது. அன்றிலிருந்து முதுகுவலி என்றாலே ஜவ்வுதான். ரேஷன் கடை வரிசையில்கூட இன்று எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று ஜவ்வின் இடத்தைச் சர்வ சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். ‘ஜவ்வு விலகிடுச்சு, நீவி உள்ளே தள்ளிடலாம்’ என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மேலும் கீழுமாக இரண்டு எலும்போடும் இறுகப் பிணைந்திருக்கும் ஜவ்வு எங்கும் நகர்ந்து போவதில்லை. அதன் ஓரம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்குகிறது. அதை வெளியிலிருந்து விரலால் தள்ள வழியே இல்லை.

காரணம் தெரிந்ததும் வைத்தியம் இரண்டு வழியில் போயிற்று. பிதுங்கியதை வெட்டி எடு. இல்லாவிட்டால் அசையாமல் படு. நம் ஊரில் இரண்டாவதற்கு மரப்பலகையும் சேர்ந்துகொண்டது. மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் மல்லாந்து கிடந்த சித்தப்பாக்கள் இல்லாத குடும்பம் குறைவு. இந்தப் படுக்கை உண்மையிலேயே உதவுகிறதா என்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 183 பேரை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 1999இல் வந்தது. ஒரு பாதியினருக்கு இரண்டு வாரம் படுக்கை. மறு பாதியினர் முடிந்த அளவு நடமாடலாம். பன்னிரண்டு வாரம் கழித்து இரு தரப்பிலும் 87 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். படுத்துக் கிடந்ததில் லாபம் ஒன்றுமில்லை.

இந்த ஆய்வுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, நியூசிலாந்தில் ஒரு மறதி நடந்தது.

1956. வெலிங்டனில் ராபின் மெக்கன்ஸி என்ற இளம் பிசியோதெரபிஸ்ட் சிகிச்சைக்கூடம் நடத்திவந்தார். அவரிடம் வந்துகொண்டிருந்த ஒரு நோயாளியைத் தன் எழுத்துகளில் ஸ்மித் என்று குறிப்பிடுகிறார். முதுகின் வலப்பக்கத்திலிருந்து முழங்கால் வரை வலி. மூன்று வாரம் வைத்தியம் பார்த்தும் தேறவில்லை. அன்று வந்தவரை, உள்ளே போய்க் குப்புறப் படுங்கள், வருகிறேன் என்று அனுப்பினார். அறையிலிருந்த மேசையின் ஒரு முனை முந்தைய நோயாளிக்காக உயர்த்தியது உயர்த்தியபடியே இருந்தது. இறக்கிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஸ்மித் உயர்ந்த பக்கத்தில் நெஞ்சைச் சாய்த்து, இடுப்பு பின்னோக்கி வளைந்திருக்கக் குப்புறப் படுத்துக்கொண்டார். சில நிமிஷம் கழித்து உள்ளே வந்த மெக்கன்ஸிக்குப் பகீரென்றது. முதுகைப் பின்னுக்கு வளைப்பது ஆபத்து என்பதே அன்றைய பாடம். 1937இல் டல்லாஸ் நகரத்து எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ் வகுத்த பயிற்சிகள்தான் அப்போது எங்கும் நடப்பிலிருந்தன. அவை முன்னால் குனிவதையே வலியுறுத்தின. எப்படி இருக்கிறது என்று மெக்கன்ஸி தயங்கிக் கேட்டார். மூன்று வாரத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை, கால்வலி போய்விட்டது என்றார் ஸ்மித். முதுகில் வலப்பக்கமாக இருந்த வலி நடுவுக்கு வந்திருந்தது. மறுநாளும் அதே மேசையில் அதே மாதிரி படுக்கவைத்தார். மிச்சமும் போயிற்று.

மெக்கன்ஸி 2013இல் இறக்கும் வரை இந்தக் கதையைப் பலமுறை சொன்னார். சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மெருகும் ஏறியிருக்கும். அது போகட்டும். ஒரு நோயாளி தற்செயலாகத் தேறினார் என்பதோடு விட்டிருந்தால் அது வெறும் வேடிக்கை. அவர் விடவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களிடம் எந்தப் பக்கம் வளைந்தால் வலி எங்கே போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே போனார். ஒரு திசையில் திரும்பத் திரும்ப அசைத்தால் வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து பிட்டத்துக்கு, அங்கிருந்து முதுகின் நடுவுக்கு என்று மேலேறுவதைக் கண்டார். அப்படி மேலேறியவர்கள் பெரும்பாலும் தேறினார்கள். எதிர்த் திசையில் அசைத்தால் வலி கீழே இறங்கியது. 1980இல் சாதாரண மக்களுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதினார். உன் முதுகுக்கு நீயே வைத்தியம் பார்த்துக்கொள் என்பதே அதன் தலைப்பு, செய்தி எல்லாம்.

வலி மேலேறினால் நல்லது, கீழே இறங்கினால் கெட்டது. இதில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. வலி மேலேறும்போது முதுகில் அது கூடலாம். கணுக்காலில் எரிச்சலாக இருந்தது போய், இடுப்பில் நேற்றில்லாத கடுப்பு வந்து உட்காரும். அதை நல்ல செய்தி என்று ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். யாரால் முடியும்? ஆஸ்பத்திரியில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டு நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். வலி என்றால் ஓர் அளவு, குறைந்தால் ஜெயம், கூடினால் தோல்வி. ‘எக்சர்சைஸ் செஞ்சேன், இடுப்பு வலி ஜாஸ்தியாயிடுச்சு, விட்டுட்டேன்’ என்று சொல்பவரிடம், கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவரே யோசித்துப் பார்த்தால்தான், இரண்டு நாளாகக் கால் மரத்துப்போகவில்லை என்பது உறைக்கும். எவ்வளவு என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு எங்கே என்று கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வைத்தியத்தின் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. மீதி வெறும் அசைவு.

அந்த அசைவும் பார்க்க ஒன்றுமில்லாதது. குப்புறப் படுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிஷம் சும்மா கிடக்க வேண்டும். வலி கீழே போகவில்லையென்றால் முழங்கையை ஊன்றித் தலையையும் நெஞ்சையும் தூக்கலாம். அதுவும் ஒத்துக்கொண்டால் உள்ளங்கையை ஊன்றிக் கையை நீட்டி மேலுடம்பை மட்டும் உயர்த்தி இறக்கலாம், பத்துத் தடவை. இது நம்ம புஜங்காசனம்தானே என்று யோகா தெரிந்தவர்கள் கேட்பார்கள். தோற்றத்தில் அதேதான். ஆசனத்தில் முதுகுத் தசைகள் உழைத்துத் தூக்க வேண்டும்; இதில் உழைப்பெல்லாம் கைக்கு. முதுகும் பிட்டமும் தளர்ந்து, இடுப்பு பாயிலேயே தொய்ந்து கிடக்க வேண்டும். நன்றாக ஆசனம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தளர்வு சுலபத்தில் வராது. அவர்கள் உடம்பு அழகாகச் செய்யப் பழகியது.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. வயதானவர்கள் சிலருக்கு நரம்பு போகும் வழியே எலும்பு வளர்ந்து சுருங்கிப் போயிருக்கும். பின்னுக்கு வளைந்தால் அந்த வழி இன்னும் குறுகும், கால் கனத்துப்போகும். எங்கள் தெருவுக்கு இஸ்திரி வண்டி தள்ளிவரும் பெரியவர் வண்டியைப் பிடித்துக் குனிந்தபடி ஊர் முழுக்கச் சுற்றுவார். வண்டியை விட்டுவிட்டு வெறும் கையோடு டீக்கடை வரை நடக்கச் சொன்னால் பாதி வழியில் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துவிடுவார். சைக்கிளில் நான்கு மைல் போவார். குனியும்போது வழி கொஞ்சம் விரிகிறது என்பதுதான் விஷயம். அவரைப் போன்றவர்களுக்கு மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்குக் கொண்டுவருவதே சுகம். அவர் மகனுக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தால் அதே பயிற்சி அவனைப் படுக்கவைத்துவிடும். ‘சயாட்டிகாவுக்கு ஐந்து எளிய பயிற்சிகள்’ என்று கைபேசியில் வருவதெல்லாம் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே மாத்திரையை நீட்டுகின்றன.

இன்னொரு ஆர்வக்கோளாறு தொடையின் பின்புறத்தை இழுப்பது. நரம்பு இழுக்கிறது, ஆகவே இழுத்துவிட்டால் சரியாகும் என்று காலை நீட்டி உட்கார்ந்து விரலைத் தொட முயல்கிறார்கள். மருத்துவர் நம்மைப் படுக்கவைத்து முட்டி மடங்காமல் காலைத் தூக்குவார். முப்பது நாற்பது டிகிரியிலேயே மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் நரம்பு வேர் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கணிப்பார். லாசெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரில் வழங்கும் சோதனை அது. (அவர் அதைப் பற்றி எழுதியதில்லை, அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட்தான் 1881இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். குருவின் பெயர் நிலைத்துவிட்டது.) விரலைத் தொட முயல்பவர் வலியைக் கண்டுபிடிக்கும் அந்தச் சோதனையையே தினமும் காலையும் மாலையும் தனக்குத் தானே நடத்திக்கொள்கிறார். ரணமான நரம்புக்கு இழுப்பு ஆகாது. சைக்கிள் பிரேக் ஒயர் உறைக்குள் ஓடுகிற மாதிரி, நரம்பும் தன் வழியில் முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலிக்கிற காலை மெதுவாக நீட்டும்போது தலையை அண்ணாந்து, மடக்கும்போது தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் அது ஓடும். ஒரு முனையில் இழுக்கும்போது மறு முனையில் தளர்கிறது. வலி கிளம்பும் எல்லைக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சின்னச் சின்ன அசைவுகள். இதுதான் பலருக்கு அவமானமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய வலிக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா? எடை கட்டித் தொங்கவிடும் இழுவை, கம்பி வைத்த பெல்ட், ஒரு மண்டலம் எண்ணெய்ப் பிழிச்சல் என்றால் மனம் ஒப்புகிறது. ஊசி போடாத டாக்டரை நம்பாத ஜனம் நாம். செலவு இல்லாதது பலிக்காது என்ற எண்ணம் ஏழைகளிடமும் உண்டு, ஒருவேளை அவர்களிடம்தான் அதிகம். கடன் வாங்கிச் செய்த வைத்தியம் பலிக்காமல் போகலாமா?

உண்மையைச் சொன்னால், ஆய்வுகளில் இந்தப் பயிற்சிகளுக்குக் கிடைத்த மதிப்பெண்ணும் சுமார்தான். முதல் சில மாதங்களில் கொஞ்சம் உதவுகின்றன. ஓராண்டு கழித்துப் பார்த்தால் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. மற்றவற்றின் கதையும் அப்படியொன்றும் உயர்த்தியில்லை. நரம்பு மாத்திரை என்று எழுதித்தரும் பிரகாபலினை ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது அது வெற்று மாத்திரையைவிடக் கால்வலியைக் குறைத்துவிடவில்லை என்று 2017இல் தெரியவந்தது. அறுவை விஷயத்தில் 2007இல் நெதர்லாந்திலிருந்தே இன்னொரு முடிவு வந்தது. கடும் வலியுள்ள 283 பேரில் சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஆனால் ஆண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். காத்திருக்கச் சொன்னவர்களில் 39 சதவீதத்தினர் தாங்க முடியாமல் நடுவில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வலி பொறுக்கவில்லை என்று கத்தியைத் தேர்ந்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காத்திருக்கும்போது உள்ளே நடப்பதுதான் அதிசயம். ஜவ்வின் நடுக்கூழ் பிறந்ததிலிருந்து ரத்த ஓட்டத்தைக் கண்டறியாதது. அது வெளியே பிதுங்கியதும் உடம்பு அதை அந்நியனாக எண்ணி அணுக்களை ஏவிவிடுகிறது. அழற்சி வருகிறது, வலியில் ஒரு பங்கு அந்த அழற்சியால்தான். அதே அணுக்கள் பிதுங்கியதை மெல்ல மெல்லத் தின்றும் தீர்க்கின்றன. விந்தை என்னவென்றால், லேசாகப் புடைத்திருக்கும் ஜவ்வைவிட, முழுதாகக் கிழிந்து தனியே துண்டாகக் கிடப்பதுதான் அதிகமாகக் கரைகிறது. ஸ்கேன் அறிக்கையில் பயங்கரமாகத் தெரிவதே பல நேரம் தானாகப் போய்விடக்கூடியது. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் இடத்தில் ஜவ்வு புடைத்துத்தான் இருந்தது. அப்படியானால் பயிற்சி எதற்கு? உடம்பு தன் வேலையை முடிக்கும் வரை நம்மைப் பயத்தில் உறைந்துபோகாமல் வைத்திருக்க. இன்றைக்குக் குப்புறப் படுத்ததும் வலி எந்தப் பக்கம் போயிற்று என்று ஒரு பதிலாவது கையில் இருக்கும்.

காத்திருப்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதில் தாமதம் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமல் கழிவது, மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடமும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பாதம் தொங்கிப்போவதும் அவசரம்தான். நம் ஊரில் அதைச் செருப்பு காட்டிக்கொடுக்கும். நடந்துகொண்டே இருப்போம், ஒரு காலில் செருப்பு இல்லை என்பது நாலு அடி தள்ளித்தான் தெரியும்.

இந்தப் பயிற்சிகளை வீட்டிலேயே செய்யலாம் என்கிறார்கள். யார் வீட்டில்? இரவெல்லாம் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் எல்லோருமே ஒன்றிரண்டு செ.மீ. கூடுதல் உயரம், அதில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் குனிந்தால் ஜவ்வின் மீது விழும் அழுத்தம் பன்மடங்கு. எழுந்ததும் குனிவதைத் தவிர்க்கச் சொன்னதாலேயே நாள்பட்ட முதுகுவலி குறைந்தது என்று 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நம் பெண்கள் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார்கள்? வாசல் பெருக்கிச் சாணம் தெளித்து இடுப்பை மடித்துக் கோலம் போடுகிறார்கள். அடிபம்பில் குடம் தூக்குகிறார்கள். பாத்திரம் தேய்க்க உட்காருகிறார்கள். கோலத்தைக் குனிந்து போடுவது உடம்புக்கு நல்ல பயிற்சி என்று சொல்லும் விஞ்ஞான விளக்கக்காரர்கள் யாரும் ஜவ்வு பிதுங்கிய இடுப்போடு விடியற்காலையில் குனிந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை. ஆறு மணிக்குப் பதில் ஏழு மணிக்குப் போட்டால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். மாமியார் கோபித்துக்கொள்ளலாம். அதைவிடக் கடினம், பகல் பத்து மணிக்கு ஒரு பெண் பாயை விரித்துக் குப்புறப் படுப்பது. ஆண் படுத்தால் பிசியோ. பெண் படுத்தால் ‘வேலைக்கு வணங்காதவ.’

திருப்பூரில் ஒரு பிசியோதெரபி கூடத்தில் என் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பனியன் கம்பெனியில் மிஷின் தைக்கும் ஓர் அம்மா, ஐம்பதுக்குமேல் வயதிருக்கும். குச்சி உருவங்கள் போட்ட ஜெராக்ஸ் தாளைப் பிசியோ பெண் நீட்டினாள். அந்த அம்மா தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இதெல்லாம் எங்க வெச்சுச் செய்யறது? ஒரே ரூமு. பாயச் சுருட்டுனாத்தான் அடுப்புகிட்டயே போக முடியும். எட்டரைக்குக் கம்பெனில இருக்கோணும்.”

பிசியோ பெண் தாளை வாங்கி முக்கால்வாசியைப் பேனாவால் அடித்தாள். எழுந்து நின்று இரண்டு உள்ளங்கையையும் இடுப்பின் பின்னால் ஊன்றிக்கொண்டு, முட்டி மடங்காமல் பின்னுக்கு வளைந்து காட்டினாள்.

“நின்னுட்டே செய்ங்கம்மா. மிஷின விட்டு எந்திரிக்கறப்பல்லாம் அஞ்சு தடவை. டீக்கு விடறப்ப, பாத்ரூம் போறப்ப.”

“சூப்பரைசர் பாத்தா?”

“சோம்பல் முறிக்கறேன்னு சொல்லிருங்க.”

அந்த அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு, அங்கேயே செய்து பார்த்தார். முகம் சுளித்தது.

“நடு முதுகுல சுள்ளுங்குது கண்ணு.”

“காலு?”

நின்று யோசித்தார். ஒரு காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தார். “முட்டிக்குக் கீழ இல்ல. தொடைலதான் இருக்குது.”

“அப்பச் செரி. இன்னும் அஞ்சு செய்ங்க.”